15 அங்குலம் கூட்டினால் 7.5 அங்குலம் நீளும்

என் பழைய ஸ்னோமொபைலை, அதாவது பனிமேல் ஓடும் வண்டியை, நகர்த்தும் ரப்பர் பட்டையான டிராக்கில் 15 × 121 × 1.25 என்று அச்சிடப்பட்டிருந்தது. முதல் எண் அகலம், இரண்டாவது முழுச் சுற்றளவு, மூன்றாவது வெளிப்பற்களின் உயரம். மூன்றும் அங்குலக் கணக்கில். கெட்டிப்பட்ட பாதையில் ஓட்டுவதற்கு இந்த அளவு போதும் என்பது மட்டுமல்ல, வளைவுகளில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் புதிதாகப் பெய்த பொடிப் பனியில் பாதையை விட்டு இரண்டு வண்டி தூரம் விலகினால் போதும், பின்புறம் கிணறு தோண்டத் தொடங்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த டிராக் தன் அடியில் இருக்கும் பனியையே வாரி வீசி, இருக்கை மட்டம் வரை வண்டியைப் புதைத்துவிடும். அப்படிப் புதைந்த வண்டியை ஒரே நாளில் மூன்று முறை மண்வெட்டியால் தோண்டி எடுத்த பிறகு, என்ஜினில் ஒரு குறையும் இல்லாத இந்த வண்டியை விற்பதா, பின்பகுதியை மாற்றுவதா என்று யோசித்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். 136 அங்குல டிராக்கும் அதற்குரிய பின் சஸ்பென்ஷனும், முன்பகுதி நொறுங்கிப்போன வேறொரு மாடல் வண்டியிலிருந்து கிடைத்தன.

டிராக்கின் வளையத்துக்குள் அமர்ந்திருக்கும் அந்த முழு அமைப்பையும் ஓட்டுபவர்கள் ஸ்கிட் என்றே சொல்வார்கள். நீளவாக்கில் இரண்டு அலுமினிய ரெயில்கள், அவற்றின் அடிப்பக்கத்தில் டிராக் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடர்கள், ரெயில்களை வண்டியோடு இணைக்கும் முன் கை, பின் கை, இரண்டு ஷாக் அப்சார்பர்கள், பின் கையைத் தாங்கும் முறுக்கு ஸ்பிரிங்குகள், கடைசியில் பின் அச்சும் அதன் சக்கரங்களும். இவை எல்லாம் சேர்ந்து டனல் எனப்படும் தலைகீழ்த் தொட்டி போன்ற அலுமினிய உடலோடு நான்கே நான்கு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. முன் கைக்குப் பக்கத்துக்கு ஒன்று, பின் கைக்குப் பக்கத்துக்கு ஒன்று. நான்கு போல்ட் வேலைதானே என்று நானும் நினைத்தேன். அந்த நான்கு போல்ட்டுகளும் எங்கே அமர வேண்டும் என்பதில்தான் என் பனிக்காலத்தில் பாதி கழிந்தது.

முதலில் நீளக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலரும் தடுமாறுகிறார்கள். 121 என்பதும் 136 என்பதும் டிராக்கின் சுற்றளவு. வளையத்தில் 15 அங்குலம் கூடினால் அதில் பாதி மேல் பக்கத்துக்கும் பாதி கீழ்ப் பக்கத்துக்கும் போய்விடும். ஆகவே பின் அச்சு சுமார் 7.5 அங்குலம் மட்டுமே பின்னால் நகரும். துல்லியமாகப் பார்த்தால், அடுத்தடுத்த இரண்டு உட்பற்களுக்கு இடையிலான தூரம், அதாவது பிட்ச், என் டிராக்கில் 2.52 அங்குலம். பழையதில் அப்படி 48 இடைவெளிகள் இருந்தன, புதியதில் 54. பெருக்கிப் பார்த்தால் 120.96, 136.08 என்று வரும், வித்தியாசம் 15.12, அதில் பாதி 7.56 அங்குலம். 15 அங்குல அகலத்தோடு அதைப் பெருக்கினால் தரையில் படும் பரப்பு சுமார் 113 சதுர அங்குலம் கூடுகிறது. கெட்டித் தரையில் நிறுத்தி அளந்தபோது பழைய டிராக்கில் 41 அங்குலம் தட்டையாகப் படிந்திருந்தது. ஆக, பரப்பு ஏறக்குறைய 18 சதவீதம் உயர்கிறது, பனியின் மேல் விழும் அழுத்தம் 15 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. நீண்ட டிராக்கும் நீண்ட ரெயிலும் கூட்டும் எடை இந்த ஆதாயத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்றாலும் அது பெரிதில்லை.

அப்படியானால் பழைய ரெயில்களின் பின்முனையில் நீட்டிப்புத் துண்டுகளைப் போல்ட் போட்டு இணைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி வரும். செலவு குறைவு, டனலில் துளையிட வேண்டியதில்லை, ஒரு நாள் வேலை. நான் அதை முற்றாக ஒதுக்கவில்லை. பழைய ஸ்கிட் நல்ல நிலையில் இருந்து, நீட்டுவது 7 அல்லது 8 அங்குலத்துக்கு உட்பட்டதாகவும் இருந்தால் அது நியாயமான வழிதான். ஆனால் கைகள் இரண்டும் பழைய இடத்திலேயே இருக்க, பின் அச்சு மட்டும் தள்ளிப்போவதால், பின் கைக்கு அப்பால் ரெயில் வால் போல நீண்டுவிடும். 121 அங்குலத்துக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்ட முறுக்கு ஸ்பிரிங் அந்த நீண்ட நெம்புகோலை எதிர்த்துத் தடுமாறும். குழியில் விழுந்து எழும்போது இணைப்பு இடத்தில் ரெயில் வளையவும் செய்யும். என் பழைய ஸ்கிட்டின் ஷாக்குகளில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது, ஒரு ரெயிலில் மயிரிழை விரிசலும் இருந்தது. அவற்றைப் பழுதுபார்த்து, அதற்கு மேல் நீட்டிப்பும் போடுவதற்கு முழு ஸ்கிட்டையும் மாற்றுவதே மேல்.

டிராக் வாங்கும்போது நீளத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது பிட்ச். டிராக்கைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டில் இருக்கும் பல்சக்கரங்களின் பற்கள் டிராக்கின் உட்பற்களோடு பொருந்தியாக வேண்டும், 2.52 பிட்ச் சக்கரத்தில் 2.86 பிட்ச் டிராக்கை மாட்டவே முடியாது. கியூபெக்கில் வால்கூர் என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே, பல்சக்கரம் பட்டையைக் கவ்வி இழுக்கும் ஏற்பாட்டுக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். 1959இல் அவருடைய ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைல் விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து ரப்பரும் உலோகமும் எவ்வளவோ மாறியிருந்தாலும் பல்லும் பல்லும் பொருந்த வேண்டும் என்ற விதி மாறவில்லை. பிட்ச் மாறினால் சக்கரங்களையும் மாற்றிக்கொள்ளலாம், அதில் ஒரு வசதியும் உண்டு: 2.52 பிட்ச்சில் 8 பல் சக்கரம் ஒரு சுற்றுக்கு 20.16 அங்குலம் நகர்த்தும், 2.86 பிட்ச்சில் 7 பல் சக்கரம் 20.02 அங்குலம் நகர்த்தும். கியர் விகிதம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். எனக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. வெளிப்பற்களின் உயரத்தை மட்டும் 1.25 அங்குலத்திலிருந்து 1.5 அங்குலத்துக்கு உயர்த்திக்கொண்டேன். அதற்கும் மேல் போக ஆசை இருந்தது. ஆனால் டனலின் உட்கூரையில் ஒட்டியிருக்கும், என்ஜினின் சூட்டைத் தணிக்கும் வெப்பமாற்றிக்கும் சுழலும் பற்களுக்கும் இடையே கையை நுழைத்துப் பார்த்தபோது ஆசை அடங்கியது.

கழற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்டியின் பின்புறத்தைச் சங்கிலிக் கப்பியால் தூக்கி நிறுத்தி, டிராக்கைத் தளர்த்தி, நான்கு போல்ட்டுகளை எடுத்தால் ஸ்கிட் வெளியே வந்துவிடும். டிராக்கை எடுப்பதற்கு டிரைவ் ஷாஃப்டும் வெளியே வர வேண்டும் என்பதால் என்ஜினின் சுழற்சியை அந்த ஷாஃப்டுக்குக் கடத்தும் செயின் பெட்டியின் எண்ணெயை வடித்து, செயினையும் கீழ்ப் பல்சக்கரத்தையும் கழற்றி, மறுபக்கத்து பேரிங்கின் பூட்டு வளையத்தை நெகிழ்த்த வேண்டும். இவ்வளவு தூரம் பிரித்த பிறகு பழைய பேரிங்குகளையே திரும்பப் போடுவது கஞ்சத்தனம். என்னுடையதில் ஒன்று விரலால் சுழற்றும்போதே மணல் அரைப்பது போல ஒலித்தது.

இனி துளைகளின் விஷயம். வேறொரு மாடலின் ஸ்கிட் என்பதால் என் டனலில் இருந்த பழைய துளைகள் எதற்கும் உதவவில்லை. முன் கையின் துளை டிரைவ் ஷாஃப்டிலிருந்து எவ்வளவு பின்னால், எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைப் பொறுத்தே டிராக் பல்சக்கரத்திலிருந்து இறங்கி ரெயிலைத் தொடும் சாய்வு அமைகிறது. துளை அதிகம் முன்னால் போனால் ரெயிலின் மூக்கு சக்கரத்தோடு மோதும் அளவுக்கு நெருங்கும்; அதிகம் கீழே போனால் சாய்வு செங்குத்தாகி, பொடிப் பனியில் வண்டி மேலே ஏறாமல் சுவரை முட்டுவது போல முட்டும். பின் கையின் துளை மேலும் கீழும் நகர்ந்தால் வண்டியின் பின்புற உயரமும், அமுங்கும்போது டிராக் இறுகுமா தளருமா என்பதும் மாறும். என் எண்களை இங்கே எழுதப்போவதில்லை. அவை என் டனலும் அந்த ஸ்கிட்டும் சேர்ந்த ஜோடிக்கு மட்டுமே உரியவை. வேறு ஜோடிக்கு அவற்றைப் பயன்படுத்தினால் நல்ல அலுமினியத் தகட்டில் வேண்டாத ஓட்டைகள்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டிய முறை இதுதான். ஸ்கிட்டிலிருந்து ஷாக்குகளையும் முறுக்கு ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டு, வெறும் எலும்புக்கூடாக டிராக்குக்குள் வைத்து, கை இணைப்புகளை டனலின் பக்கங்களில் கவ்விகளால் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்பிரிங் இல்லாததால் ஒரு ஜாக்கியால் ஸ்கிட்டை முழுதும் கீழிறங்கிய நிலையிலிருந்து ரப்பர் தடைகளில் இடிக்கும் நிலை வரை மெதுவாக உயர்த்தலாம். வழி நெடுகிலும் நிறுத்தி நிறுத்தி, டிராக் எங்காவது இறுகுகிறதா, பற்கள் வெப்பமாற்றியைத் தொடுகின்றனவா, கைகள் எதிலாவது உரசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நான் இதை இரண்டு மாலைப் பொழுதுகளில் பதினைந்து முறையாவது செய்திருப்பேன். முதலில் வைத்த இடத்தில், பாதி அமுங்கியபோது டிராக் வீணை நரம்பு போல விறைத்துக்கொண்டது; பின் துளையைச் சிறிது கீழே இறக்கிய பிறகே அமுங்கும் தூரம் முழுவதும் ஒரே தளர்ச்சி கிடைத்தது.

இவ்வளவு பொறுமையாகச் செய்துவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இடப் பக்கத்தில் இடத்தை முடிவு செய்ததும், வலப் பக்கத்துக்கு அதே அளவை டனலின் பின் விளிம்பிலிருந்து அளந்து குறித்தேன். பின் விளிம்பு நேராக வெட்டப்பட்டிருக்கிறது என்று நம்பினேன். அது நேராக இல்லை. யாரோ எப்போதோ அதை வெட்டித் தேய்த்திருக்கிறார்கள். வலப் பக்கத் துளைகள் இரண்டும் இடப் பக்கத்தைவிட 4 மி.மீ. பின்னால் போய்விட்டன. துளையிட்டு, போல்ட் போட்டு, ஸ்பிரிங்குகளை மாட்டி, டிராக்கைச் சுழற்றிப் பார்த்தபோது அது ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடியது. பின் அச்சில் பக்கத்துக்கு ஒன்றாக இழுப்புப் போல்ட்டுகள் இருப்பதால், ஒன்றை அதிகமாகத் திருகி டிராக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

நாலைந்து ஓட்டங்களுக்குப் பிறகு, ஒரு கெட்டியான பாதையில் வந்துகொண்டிருக்கும்போது எரிந்த பிளாஸ்டிக் வாசனை வந்தது. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். டிராக்கின் ஜன்னல்களுக்கு, அதாவது பட்டையில் வரிசையாக இருக்கும் திறப்புகளுக்கு, இடையே இருக்கும் உலோகக் கிளிப்புகளில், வலப் பக்கத்து வரிசையில் மட்டும், கறுப்புப் பிசின் போல ஏதோ அப்பியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் மெழுகு போல வந்தது, ஸ்லைடர் உருகியிருக்கிறது. ஸ்லைடரின் உள் விளிம்பு முன்பகுதியில் கத்தியால் சீவியது போல மெலிந்திருந்தது, பின்பகுதியில் புதிதாகவே இருந்தது. அந்த ஒரு தடயம் போதுமானதாக இருந்தது: பின் அச்சை இழுத்து நான் வால் பகுதியைத்தான் நேராக்கியிருக்கிறேன், ஸ்கிட்டின் உடல் கோணலாகவே டனலுக்குள் அமர்ந்திருக்கிறது.

சரிசெய்தது இப்படி. டனல் தகடு மெல்லியது என்பதால் துளையை ஓவலாக அரைத்துத் தள்ளிவைப்பது ஏமாற்று வேலை; போல்ட் மறுபடி நகர்ந்துவிடும். 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, டனலின் வெளிப்பக்கத்தில் வைத்து ரிவெட் அடித்து, அதன் ஊடாகச் சரியான இடத்தில் புதிய துளையிட்டேன். உள்பக்கத்தில் வைத்தால் ரிவெட் தலைகள் டிராக்கின் ஓரத்தைக் கிழிக்கும். இம்முறை அளவுகளை எல்லாம் டிரைவ் ஷாஃப்டின் மையத்திலிருந்தே எடுத்தேன், ஏனென்றால் டிராக் கண்டுகொள்ளும் ஒரே அடையாளம் அதுதான். விளிம்புகளும் ஓரங்களும் வளைந்திருக்கலாம், வெட்டப்பட்டிருக்கலாம். பிறகு முன் இடத் துளையிலிருந்து பின் வலத் துளைக்கும், முன் வலத் துளையிலிருந்து பின் இடத் துளைக்கும் குறுக்காக அளந்து, இரண்டும் ஒரே எண்ணாக வரும் வரை போல்ட்டை முடுக்கவில்லை. கட்டடம் கட்டுபவர்கள் அஸ்திவாரக் குழி தோண்டுவதற்கு முன் மூலைமட்டம் பார்ப்பது போலத்தான் இதுவும். அதோடு, ஒரு நேரான இரும்புக் கம்பியை இரண்டு பக்கத் துளைகளிலும் நுழைத்து, அது டிரைவ் ஷாஃப்டுக்கு இணையாக நிற்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

டனலின் நீளமும் போதவில்லை. டிராக் பின்னால் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அது வீசும் பனி டனலுக்குள் சிதறி வெப்பமாற்றியில் படாமல் நேராகப் பின்னால் பறந்துவிடும். இந்த வண்டிகளில் என்ஜினைக் குளிர்விப்பதே அந்தப் பனிதான். ஆகவே டனலுக்கு ஒரு நீட்டிப்புத் தகடு பொருத்தி, தொங்கும் பின் திரையையும் அதன் முனைக்கு நகர்த்தினேன். பின்னால் வருபவரின் முகத்தில் பனிக்கட்டி தெறிக்காமல் காப்பதும் அந்தத் திரைதான்.

டிராக்கின் இறுக்கத்துக்கு, ஸ்கிட்டோடு வந்த கையேடு ஒரு எளிய சோதனை சொல்கிறது. பின்புறத்தைத் தூக்கி, பின் சக்கர மையத்திலிருந்து 16 அங்குலம் முன்னால் டிராக்கின் மேல் 10 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால், ஸ்லைடருக்கும் டிராக்கின் கிளிப்புக்கும் இடையே சுமார் 1 அங்குலம் தொய்வு தெரிய வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் திடீரென்று முடுக்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ பல்சக்கரம் உட்பற்களின் மேல் ஏறித் தாவும். அந்தக் கடகடப்பை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதிகம் இறுக்கினால் வேகம் குறையும், பேரிங்குகளும் ஸ்லைடர்களும் சீக்கிரம் தேயும். எடை வைத்துப் பார்த்த பிறகு வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு டிராக்கைச் சுழற்றி, இரு பக்கமும் இடைவெளி சமமா என்று பார்க்க வேண்டும். அப்போது யாரும் வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. பற்களுக்கிடையே சிக்கிய ஒரு கூழாங்கல் எந்த வேகத்தில் கிளம்பும் என்று சொல்ல முடியாது.

நீளம் கூடியதால் ஸ்டியரிங் மாறியது. தரையில் நீளமாகப் படிந்திருக்கும் டிராக் நேராகவே போக விரும்பும். வளைவில் முன்னால் இருக்கும் சறுக்குப் பலகைகளான ஸ்கிகளைத் திருப்பினாலும் வண்டி வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். முன் கையைக் கட்டிப்போட்டிருக்கும் லிமிட்டர் வாரை ஒரு துளை குறுக்கியதும், ரெயிலின் முன்முனை சற்று மேலே இழுக்கப்பட்டு, எடையில் ஒரு பங்கு ஸ்கிகளுக்கு மாறியது. வளைவுகள் திரும்பக் கிடைத்தன. இன்னும் ஒரு துளை குறுக்கிப் பார்த்தபோது கைப்பிடி கல்லாகக் கனத்தது, பொடிப் பனியில் மூக்கு உள்ளே போனது. பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். கூடவே, செயின் பெட்டியின் மேல் பல்சக்கரத்தில் 23 பல்லுக்குப் பதிலாக 21 பல் போட்டேன். கீழே 40 பல் என்பதால் விகிதம் 1.74இலிருந்து 1.90 ஆயிற்று. உச்ச வேகத்தில் கொஞ்சம் போய்விட்டது. நான் அந்த வேகத்தில் ஓட்டுவதே இல்லை என்பதால் வருத்தமில்லை.

எதிர்பாராத ஆதாயம் ஒன்று உண்டு. பலர் ஓட்டி ஓட்டிக் குண்டும் குழியுமான பாதையில் பழைய டிராக் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கி ஏறும். 136 அங்குலம் பல குழிகளுக்குமேல் பாலம் போலப் படிந்து கடந்துவிடுகிறது. என் இடுப்புக்கு அது நன்றாகவே தெரிகிறது. பொடிப் பனியில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இப்போதும் கவனம் வேண்டும், ஆக்ஸிலரேட்டரை மொத்தமாக அழுத்தினால் 136 அங்குலமும் கிணறு தோண்டும். ஆனால் மெதுவாக அழுத்தினால் வண்டி ஒரு முறை தடுமாறிவிட்டு மேலே ஏறி வருகிறது.

கெட்டியான பனிக்கட்டிப் பாதைக்கு மட்டும் இன்னும் ஒரு வேலை பாக்கி. ஸ்லைடர்களுக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருவது பனிதான். தூளான பனி இல்லாத தரையில் நீண்ட ஸ்லைடர் நீண்ட தூரம் சூடாகிறது. ரெயில்களில் தொங்கி, தரையைக் கீறி, பனித்தூளை டிராக்குக்குள் எறியும் கம்பிகள் இரண்டை வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றுக்கு ரெயிலில் இரண்டு துளைகள் போட வேண்டும்.